வெங்காயம் முந்தியது, தக்காளி பிந்தியது

வடக்கே வெள்ளாறும் தெற்கே கொள்ளிடமும் எல்லை வகுக்க, மேற்கே முதலாம் பராந்தக சோழன் காலத்தில் வீரநாராயணன் பெயரால் அமைக்கப்பெற்று இன்று வீராணம் என்று வழங்கும் பேரேரி வாய்க்கால் வழியே நீரூட்ட, கிழக்கே பிச்சாவரத்துக் கழிமுகம் வரையில் பரந்து கிடக்கும் நெல் வயல்களின் நடுவே, சிதம்பரத்திலிருந்து புவனகிரிக்குப் போகும் சாலையில் இருக்கிறது கீரப்பாளையம். இப்பிரதேசத்தின் களிமண் சம்பா நெல்லுக்கு வாய்த்தது, வெங்காயத்துக்கு வாய்த்ததன்று. தண்ணீர் தேங்கும் நிலத்தில் வெங்காயம் திரளாது. திரண்டாலும் தோண்டி எடுப்பதற்குள் அழுகிப்போகும். ஆகவே இவ்வூர் அடுப்பங்கரைகளில் நித்தமும் வதங்குகிற சின்ன வெங்காயம், மேற்கே பெரம்பலூர், துறையூர்ப் பக்கத்து மேட்டு நிலங்களில் விளைந்து, காற்றோட்டமான பட்டறைகளில் மாதக்கணக்காகக் காத்திருந்து வந்து சேர்வது. பெரிய வெங்காயத்தை இன்றைக்கும் நம் ஜனங்கள் பெல்லாரி என்றே கேட்டு வாங்குகிறார்கள். பெல்லாரி ஜில்லா சென்னை ராஜ்யத்தை விட்டுப் பிரிந்தது 1953-ல் என்றாலும், அதன் பெயர் நம் மளிகைக் கடைகளை விட்டுப் பிரியவில்லை. பூண்டு இன்னும் தூரத்திலிருந்து, குளிர்ந்த மலைகளிலிருந்து வருவது. வெங்காயம், பூண்டு, தக்காளி ஆகிய மூன்றனுள் தக்காளியே மிகச் சமீபத்தில் வந்தது. ஆயினும் அதுவே இன்று மூத்த உரிமையுள்ளது போல எல்லாக் குழம்பிலும் வீற்றிருக்கிறது.

கீரப்பாளையம் கடைத்தெருவில் இப்போது பாஸ்தா பொட்டலம் கிடைக்கிறது. பள்ளிப் பிள்ளைகளுக்கு அதன்மேல் ஆசை. ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் பெண் பிள்ளை வாணலியை அடுப்பில் ஏற்றி, வெங்காயம், பூண்டு, தக்காளி மூன்றையும் நறுக்கி வைத்துக்கொண்டு அதற்குரிய சாற்றைக் கூட்ட ஆரம்பிக்கிறாள். பக்கத்தில் நிற்கும் தாய், பாஸ்தாவைத் தன் ஆயுளில் சமைத்தறியாதவள், "வெங்காயம் நல்லா வதங்கட்டும்டி, அப்புறமா தக்காளியைப் போடு" என்கிறாள். இத்தாலி தேசத்துச் சமையல்காரரும் இதையே சொல்வார். கடல் கடந்து இருவேறு நாகரிகங்களில் வளர்ந்த இருவரும் ஒரே வார்த்தையைச் சொல்வது தற்செயலன்று என்பதும், தக்காளி என்ற பண்டம் இவ்விரு நாட்டு அடுப்புக்கும் வந்து சேருவதற்கு முன்பே வெங்காயத்தை எண்ணெயில் பக்குவப்படுத்தும் வித்தை இரு தேசங்களிலும் முதிர்ந்து நின்றது என்பதும்தான் இக்கட்டுரையில் நான் நிறுவ விரும்புவது.

முதலில் வெங்காயமும் பூண்டும் பட்ட பாட்டைச் சொல்ல வேண்டும். ஐந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பாரத தேசத்தில் யாத்திரை செய்த சீனத் துறவி பாஹியான், மத்திய தேசத்து மக்கள் வெங்காயமும் பூண்டும் உண்பதில்லை என்றும், சண்டாளர் மாத்திரமே உண்பர் என்றும் எழுதி வைத்தார். ஏழாம் நூற்றாண்டில் வந்த யுவான் சுவாங்கும் அவற்றை உண்பவர் சிலரே என்றும், உண்பவர் ஊருக்குப் புறம்பே தள்ளப்பட்டனர் என்றும் குறித்தார். தர்ம சாஸ்திரங்கள் துவிஜர்களுக்கு இவ்விரண்டையும் விலக்கின. ஆனால் அதே காலத்து வைத்திய சாஸ்திரமோ வேறு விதமாகப் பேசிற்று. 1890-ல் மத்திய ஆசியாவில் கூச்சா என்னும் ஊரில் பவர் என்ற ஆங்கில ராணுவ அதிகாரியின் கைக்குக் கிடைத்த பூர்ஜ மரப்பட்டைச் சுவடியின் முதற்பகுதி பூண்டின் பெருமையை விரித்துப் பேசுகிறது. அமுதத்தைத் திருடி உண்ட அசுரனின் தலையைத் திருமால் அறுத்தபோது சிந்திய ரத்தத் துளியிலிருந்து பூண்டு முளைத்ததாக அதில் ஒரு கதை வருகிறது. அசுர ரத்தத்தில் பிறந்ததால் அந்தணருக்கு ஆகாது, அமுதம் தோய்ந்த ரத்தமாதலால் நோயாளிக்கு மருந்து. விலக்கையும் விருப்பத்தையும் ஒரே கதைக்குள் அடக்கிய அந்தப் பழைய வைத்தியரின் சாமர்த்தியத்தை நான் மெச்சாமல் இருக்க முடியவில்லை. நம் கிராமங்களில் பிள்ளை பெற்றவளுக்குப் பூண்டைச் சுட்டும், பாலில் வேகவைத்தும், குழம்பாக வைத்தும் கொடுக்கிற வழக்கம் அந்த வைத்திய மரபின் வழியிலேயே நிற்கிறது.

கீரப்பாளையத்திலிருந்து சற்றே கிழக்கில் தில்லைக் கோபுரங்கள் தெரிகின்ற பிரதேசமாதலால், விலக்கின் பலம் இங்கே அதிகம். நடராஜப் பெருமானுக்கு நிவேதனமாகும் சம்பா சாதத்தில் மிளகும் சீரகமும் நெய்யுமே பிரதானம். உடன் படைக்கும் கத்தரிக்காய் கொத்சில் வெங்காயத்துக்கு இடமில்லை. ஆனால் அதே கொத்சு கோயில் மதிலைத் தாண்டி வீடுகளுக்கும் உணவு விடுதிகளுக்கும் வந்தபோது என்னவாயிற்று என்று பாருங்கள். கத்தரிக்காயைச் சுட்டோ வேகவைத்தோ மசித்து, மல்லியும் மிளகாயும் கடலைப்பருப்பும் வறுத்துப் பொடித்துப் போட்டு, புளிக்கரைசலில் கூட்டி இறக்கும் அப்பண்டத்தில், வீட்டுக்காரர்கள் நல்லெண்ணெய் காய்ந்ததும் கடுகு வெடிக்கவிட்டுச் சின்ன வெங்காயத்தைக் கொட்டி வதக்கினார்கள். பிற்பாடு தக்காளியும் சேர்ந்துகொண்டது. இன்று சிதம்பரத்தில் இட்டிலிக்குத் தொட்டுக்கொள்ள இலையில் விழுகிற கொத்சும், நடராஜர் சந்நிதிக்குப் போகிற கொத்சும் ஒரே பெயருடையவை. ஒன்று பழைய சமையலின் சாட்சி, மற்றது அதன்மேல் ஏறிய காலத்தின் சாட்சி. சரித்திரம் கற்பவன் இரண்டையும் ருசித்துப் பார்க்க வேண்டும்.

இதைவிடத் தெளிவான சாட்சி ஒன்று நம் வீடுகளிலேயே இருக்கிறது. அதுதான் திதிச் சமையல். பிதிர்களுக்குச் சிராத்தம் செய்யும் நாளில் ஆசாரமுள்ள அந்தண இல்லங்களில் இங்கிலீஷ் காய்கறி என்று ஒதுக்கப்படுவன எவை? தக்காளி, உருளைக்கிழங்கு, முட்டைக்கோஸ், காரட், பீன்ஸ். மிளகாய்கூட அன்று ஆகாது, மிளகே காரம். வாழைக்காய், பாகற்காய், சேப்பங்கிழங்கு, பிரண்டை, இஞ்சி ஆகியவையே இலையை நிரப்பும். ஒடிசாவில் பூரி ஜகந்நாதர் மடைப்பள்ளியிலும் தக்காளிக்கும் உருளைக்கிழங்குக்கும் மிளகாய்க்கும் இடமில்லை. அமெரிக்கக் கண்டத்துப் பண்டங்கள் கப்பலேறி வருவதற்கு முன்னால் இத்தேசம் எதை உண்டது என்பதற்குக் கல்வெட்டைத் தேடிப் போக வேண்டியதில்லை. ஆண்டுக்கொரு முறை அந்த இலையில் அது பரிமாறப்படுகிறது. இதை வெறும் கட்டுப்பெட்டித்தனம் என்று தள்ளுவோரும் உண்டு. நான் அதில் ஒரு சரித்திரப் பாதுகாப்பைக் காண்கிறேன்.

ஆனால் ஜனங்களில் பெரும்பாலோர் எல்லாக் காலத்திலும் வெங்காயம் உண்டவர்களே. கிள்ளைக் கடற்கரையில் வலையிழுத்தவர்களும், வீராணத்து விராலையும் கெண்டையையும் குழம்பு வைத்தவர்களும், பரங்கிப்பேட்டையில் கப்பல் வாணிகம் செய்த மரைக்காயர் குடும்பங்களும், வயலில் நடவு நட்டவர்களும் வெங்காயமும் பூண்டும் இல்லாமல் ஒரு சட்டியை இறக்கியவர்களல்லர். பழைய சோற்றுக்குச் சின்ன வெங்காயத்தைக் கடித்துக்கொள்வது இன்னும் அற்றுப்போகவில்லை. இவர்கள் வீட்டுக் குழம்பின் புளிப்பு புளியால் வந்தது. இங்கேதான் நம் விஷயத்தின் மர்மம் இருக்கிறது. புளித்தண்ணீரை ஊற்றிய பிறகு வெங்காயத்தைப் போட்டால் அது எத்தனை நாழிகை கொதித்தாலும் நறுக்கு நறுக்கென்றே நிற்கும் என்பதை அனுபவத்தால் கண்டு, எண்ணெயில் முதலில் வெங்காயத்தை வதக்கி, பிறகு பூண்டைச் சேர்த்து, இரண்டும் குழைந்த பின்னரே புளியை ஊற்றுவது என்ற கிரமத்தை நம் பெண்டிர் ஏற்படுத்திக்கொண்டார்கள். எந்தப் பாக சாஸ்திரத்திலும் எழுதப்படாத, மாமியார் மருமகளுக்குச் சொல்லி, மருமகள் தன் மகளுக்குச் சொல்லி வந்த நியதி அது.

விஞ்ஞானம் இன்று அதற்குக் காரணம் கூறுகிறது. காய்களின் உயிரணுக்களை ஒட்டி நிறுத்தும் பெக்டின் என்னும் பொருள், புளிப்பான நீரில் எளிதில் கரையாது. ஆகவே புளியிலோ தக்காளிச் சாற்றிலோ இட்ட பச்சை வெங்காயம் இளகுவதில்லை. வெங்காயத்தில் ஏறக்குறைய 10-ல் 9 பங்கு நீர். அந்த நீர் வற்றும் வரையில் அது வேகுமேயன்றிச் சிவக்காது. பூண்டிலோ 10-ல் 6 பங்குதான் நீர். எஞ்சியதில் சர்க்கரை வகைப் பொருள்கள் மிகுதி. ஆதலால் இரண்டையும் ஒருசேர வாணலியில் போட்டால், வெங்காயம் கண்ணாடிபோல் ஆவதற்குள் பூண்டு கருகிக் கசந்துவிடும். வெங்காயம் முதல், பூண்டு அடுத்து, புளிப்பு கடைசி என்ற வரிசை பொருள்களின் இயல்பிலேயே இருக்கிறது. பூண்டின் நெடிக்குக் காரணமான அல்லிசின் என்ற பொருளை 1944-ல் அமெரிக்க ரசாயனிகள் கவல்லிட்டோவும் பெய்லியும் பிரித்தெடுத்தார்கள். முழுப் பல்லில் அது இராது, நசுக்கும்போதுதான் பிறக்கும். ரசத்துக்குப் பூண்டைத் தட்டிப் போடுவதும், பூண்டுக் குழம்புக்கு முழுப் பல்லாக எண்ணெயில் இட்டு இனிக்க வதக்குவதும் ஏன் என்று கேட்டால், நம் பாட்டிமார் அல்லிசின் என்று சொல்லியிருக்க மாட்டார்கள். செய்கை மட்டும் பிசகியிராது.

இனித் தக்காளியின் வரவைப் பார்ப்போம். அதன் பூர்வீகம் தென்னமெரிக்க மலைச்சரிவுகள். அதைப் பயிராக வளர்த்தவர் மெக்ஸிகோ தேசத்து மக்கள். 1521-ல் ஸ்பானியர் அஸ்டெக் தலைநகரைக் கைப்பற்றிய பின் அது ஐரோப்பாவுக்குக் கப்பலேறிற்று. 1544-ல் மத்தியோலி என்ற இத்தாலிய வைத்தியர் அதைப் பற்றி எழுதினார். ஆனால் இத்தாலியர் உடனே அதை உண்ணத் துணிந்தார்களில்லை. நெடுங்காலம் அது தோட்டத்து விநோதமாகவே இருந்தது. நேப்பிள்ஸ் நகரில் அந்தோனியோ லத்தீனி என்பார் 1692-லும் 1694-லும் இரு பாகங்களாக வெளியிட்ட பாக நூலில்தான் தக்காளிச் சாறு ஒன்றுக்குச் செய்முறை காணப்படுகிறது. தணலில் சுட்டுத் தோலுரித்த தக்காளியோடு பொடியாக நறுக்கிய வெங்காயமும் மிளகாயும் உப்பும் எண்ணெயும் காடியும் கூட்டியது அது. அதற்கு ஸ்பானிய முறை என்று பெயரிட்டார். பாஸ்தாவுக்கென்று அவர் அதைச் சொல்லவில்லை. தக்காளியை மாவு இழைகளோடு சேர்ப்பது பத்தொன்பதாம் நூற்றாண்டில்தான் ஸ்திரப்பட்டது. 1839-ல் அதே நேப்பிள்ஸ் நகரத்துக் கவல்காந்தியின் நூலிலும், 1891-ல் பிளாரன்ஸ் நகரில் அர்த்தூசி வெளியிட்ட பெருநூலிலும் அதன் வளர்ச்சியைக் காணலாம். ஆகவே பாஸ்தாவும் தக்காளியும் அநாதி காலத் தம்பதிகள் என்று எண்ணுவது பிழை. அவர்களுடைய உறவு இருநூறு ஆண்டுக்குச் சற்று மேற்பட்டதே.

வெங்காயத்தை எண்ணெயில் மெல்ல வதக்கும் முறையோ ஐரோப்பாவிலும் மிகப் பழையது. 1324-ஆம் ஆண்டினது என்று கொள்ளப்படும் கட்டலான் மொழிப் பாக நூல் ஒன்றில், தக்காளியின் பெயரே ஐரோப்பா கேள்விப்படாத நாளில், வெங்காயத்தை வதக்கிக் குழம்புக்கு அடித்தளமாக்கும் முறை சொல்லப்பட்டிருக்கிறது. இங்கே புளிக்குழம்புக்கு முன்னே வதங்கிய வெங்காயம், அங்கே இறைச்சிச் சாற்றுக்கு முன்னே வதங்கியது. தக்காளி இரண்டு வீடுகளுக்கும் விருந்தாளியாக வந்து, ஏற்கெனவே போட்டிருந்த பலகையில் உட்கார்ந்தது.

இவ்விடத்தில் நம் பிரதேசத்தோடு தொடர்புடைய ஓர் இத்தாலியரை நினைக்காமல் செல்ல மனம் வரவில்லை. வீரமாமுனிவர் என்று நாம் போற்றும் பெஸ்கி 1680-ல் இத்தாலியில் பிறந்து, 1710-ல் கடல் கடந்து வந்து, கொள்ளிடத்தின் வடகரையிலுள்ள ஏலாக்குறிச்சியில் பல்லாண்டு வாழ்ந்தார். லத்தீனியின் பாக நூல் அச்சேறிய காலத்தில் அவர் சிறுவர். தக்காளிச் சாறு இத்தாலியச் சமையலை ஆட்கொள்வதற்கு முன்னமே தாய்நாட்டை விட்டு வந்து, தமிழ்த் துறவியர் கோலம் பூண்டு, நம் ஆற்றங்கரையில் நம் உணவை உண்டு, தமிழில் காவியம் பாடினார். இத்தாலியரின் அடையாளம் என்று இன்று உலகம் கருதும் உணவை அப்பெரியார் இத்தாலியில் பார்த்திருக்க நியாயமில்லை என்பது எனக்கு எப்போதும் வியப்பைத் தருகிறது.

நம் கரைக்கு அந்நியர் வந்தது அதற்கும் முன்னர். பரங்கிப்பேட்டையில் போர்த்துக்கேசியரும், பின் டச்சுக்காரரும் டேனியரும் பண்டகசாலை வைத்தார்கள். கடலூரை அடுத்த தேவனாம்பட்டினத்துக் கோட்டையை 1690-ல் மராட்டியரிடமிருந்து ஆங்கிலக் கம்பெனியார் விலைக்கு வாங்கி, கோட்டையிலிருந்து சுட்ட பீரங்கிக் குண்டு விழுந்த தூரம் வரை தமது எல்லை என்று வகுத்துக்கொண்டார்கள். 1746-ல் சென்னை பிரெஞ்சுக்காரர் வசமான பிறகு சில ஆண்டு ஆங்கிலக் கம்பெனியாருடைய சோழமண்டலக் கரைத் தலைமையிடமே அக்கோட்டையாயிற்று. இத்தகைய வெள்ளைக்காரத் துரைமாரின் தோட்டங்களுக்காகத்தான் தக்காளி நெடுங்காலம் பயிராயிற்று. 1889 முதல் பல பாகங்களாக வெளிவந்த ஜார்ஜ் வாட்டின் இந்தியப் பொருளாதார விளைபொருள் அகராதி, தக்காளி முக்கியமாக ஐரோப்பியருக்கென்றே விளைவிக்கப்படுவதாகவும், வங்காளிகளும் பர்மியரும் புளிக்கறிகளில் அதைச் சேர்ப்பதாகவும் கூறுகிறது. 1878-ல் சென்னையில் ஒரு பாக நூலை வெளியிட்ட கர்னல் கென்னி ஹெர்பர்ட், மசாலைப் பொடியைச் சேர்ப்பதற்கு முன் வெங்காயத்தையும் சிறிது பூண்டையும் வெண்ணெயில் பொன்னிறமாக வதக்க வேண்டும் என்று தன் இனத்துப் பெண்மணிகளுக்கு வற்புறுத்தினார். அவர் இந்த மண்ணின் சமையற்காரர்களிடமிருந்தும் கற்றவர்.

சீமைத்தக்காளி என்று பெரியோர் சற்று விலகியே அழைத்த இப்பழம், ரயில் பாதையும் நகரத்து ஹோட்டல்களும் பெருகிய இருபதாம் நூற்றாண்டில்தான் சோழ தேசத்து அடுப்புக்கு உறவாயிற்று. 1929-ல் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் எழுந்தபின், பல ஜில்லாக்களிலிருந்தும் வந்து தங்கிய மாணவர் கூட்டம் சிதம்பரத்து உணவு விடுதிகளின் ருசியை மாற்றியிருக்க வேண்டும் என்பது என் அபிப்பிராயம். புளிக்கு ஆண்டுக்கொரு முறை விதை நீக்கிப் பானையில் அடைக்கும் வேலை உண்டு; தக்காளி நாள்தோறும் சந்தைக்கு வருவது, கையோடு நறுக்கிப் போடலாம். அந்தச் சௌகரியத்தாலேயே அது குருமாவிலும் சால்னாவிலும் தொக்கிலும் புகுந்தது. ஆனால் புளியை முற்றும் விரட்டவில்லை. மீன் குழம்பில் இரண்டும் கூடியிருக்கின்றன.

ஆகவே கீரப்பாளையத்துத் தாய் தன் மகளின் பாஸ்தா வாணலியைப் பார்த்துச் சொல்லும் வார்த்தை, புளிக்குழம்பின் அனுபவம் தக்காளிக்குச் சொல்லும் வார்த்தை. அதில் நான் இன்னும் சிலவற்றைக் கூட்டிச் சொல்வேன். பாஸ்தாவின் சாற்றுக்குச் சின்ன வெங்காயத்தின் காரமும் இனிப்பும் சற்று மிகுதி, பெல்லாரியே தகும். அடுப்பைத் தணித்து, ஒரு சிட்டிகை உப்பிட்டு, நிறம் மாறாமல் குழையும்வரை வதக்க வேண்டும். தொக்குக்குப் போலச் சிவக்க விடலாகாது. பூண்டை அதன்பின் இட்டு, மணம் எழுந்ததுமே தக்காளியைச் சேர்க்க வேண்டும். நாட்டுத் தக்காளி சதை குறைந்து புளிப்பு மிகுந்தது. பெங்களூர்த் தக்காளி சதைப்பற்றுள்ளது, புளிப்பு போதாது. இரண்டையும் கலந்தால் பக்குவம் சரியாகும். நல்லெண்ணெய் நம் கொத்சுக்கு உயிர். இங்கே அதன் வாசனை மேலோங்கிவிடும், கடலை எண்ணெய் போதும். இத்தாலியர் பலர் ஒரு சாற்றில் வெங்காயம் அல்லது பூண்டு என்று ஒன்றையே கொள்வர். 1973-ல் தம் முதல் நூலை வெளியிட்ட மார்செல்லா ஹசான் என்ற அம்மையார், தக்காளியோடு வெண்ணெயும் பாதியாக வெட்டிய வெங்காயமும் மாத்திரமே இட்டு, கடைசியில் வெங்காயத்தையும் எடுத்துவிடச் சொன்னார். அந்த அடக்கம் நம் நாவுக்குப் போதாது என்றாலும், நாம் கைநிறையப் பூண்டு இடுவதற்கு அது ஒரு நல்ல தடை.

சமையற் குறிப்பு எழுதுகிறவர்கள் அளவை எழுதுகிறார்கள், கிரமத்தை எழுதுவதில்லை. எது முன், எது பின், எது எந்த நிறம் வரும் வரை என்பது இன்றைக்கும் பெண்களின் நினைவில் மாத்திரமே வாழ்கிறது. கீரப்பாளையத்திலும் புவனகிரியிலும் சிதம்பரத்திலும் உள்ள இளைஞர்களை நான் வேண்டிக்கொள்வது ஒன்று: உங்கள் வீட்டு மூதாட்டியார் கொத்சும் மீன் குழம்பும் திதிச் சமையலும் செய்யும்போது பக்கத்தில் உட்கார்ந்து, அவர்கள் கை செல்லும் வரிசையை வருஷமும் ஊரும் குறித்து எழுதி வையுங்கள், தக்காளி எப்போது தங்கள் வீட்டுச் சட்டிக்குள் வந்தது என்றும் கேளுங்கள், அதை நினைவில் வைத்திருப்பவர்கள் இன்னும் சிலர் இருக்கிறார்கள்.